ஒரு ரேமா, இரண்டா: முதல் கேமிங் கணினி ஒன்றின் பத்து மாதப் பதிவு

பின்னணி

கும்பகோணத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். 2025 பிப்ரவரியில் ஒரு மாணவர் தன் கையாலேயே பூட்டிய கணினி இது. மார்ச்சில் என்னிடம் வந்தது. டிசம்பர் வரை அதைக் கவனித்து வந்தேன். குடும்பத்தின் இசைவோடு எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள்; அவை இங்கே இல்லை.

மாணவர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிப்பவர். தந்தைக்கு ஆற்றுப் பாசனத்தில் நான்கு ஏக்கர் நெல். சம்பா அறுவடை முடிந்து நெல் போட்ட பணம் கைக்கு வந்ததும் கணினிக்கென்று 40,000 ரூபாய் ஒதுக்கினார். மானிட்டர் சித்தப்பா வீட்டில் சும்மா கிடந்தது, அதை எடுத்துக்கொண்டார்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு இப்போது பணம் போதாது, குறுவை முடிந்து அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

அந்தத் திட்டத்துக்குப் பொருத்தமாகவே பிராசசர் தேர்வு நடந்திருந்தது. ரைசன் 5 5600ஜி. கிராபிக்ஸ் திறன் பிராசசருக்குள்ளேயே இருக்கிற வகை. பிராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட், பி550 சிப்செட், ரேம் என்ற நினைவகப் பலகைகளைச் செருக நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டு. இரண்டையும் திருச்சியில் வாங்கினார்கள். இந்த இரண்டு தேர்விலும் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரேம் தேர்வில்தான் ஒரு செய்தி விடுபட்டுப்போயிற்று. தனிக் கிராபிக்ஸ் கார்டில் அதற்கென்றே வேகமான நினைவகம் இருக்கும். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு அப்படி எதுவும் கிடையாது. படம் வரையவும் கணினியின் ரேமைத்தான் அது நம்பியிருக்கிறது. ஆகவே இந்தக் கணினியில் ரேமுக்கு இரட்டைச் சுமை.

ரேம் வாங்கிய விதம்

மாணவர் அவசரப்பட்டு வாங்கியவர் அல்ல. ஒரு நோட்டில் பட்டியல் போட்டு வைத்திருந்தார். அதைப் பிறகு என்னிடம் காட்டினார். இந்த போர்டு ஏற்பது டிடிஆர்4 ரேம். அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ரேம் ஒன்று இணையத்தில் தள்ளுபடியில் கிடைத்ததை முதலில் குறித்து, பிறகு அடித்திருந்தார். அடித்தது சரி. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 முனைகள்தான், நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது. ஏஎம்4 போர்டில் டிடிஆர்5 எந்த வழியிலும் வேலை செய்யாது. டிடிஆர்5 ஏற்கும் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 பக்கம் போயிருந்தால் போர்டும் பிராசசரும் சேர்ந்து 40,000 ரூபாயை ஏறக்குறைய விழுங்கியிருக்கும்.

கேட்ட தரவை ரேம் தரத் தொடங்க ஆகும் தாமதக் கணக்கையும் அவர் போட்டுப் பார்த்திருந்தார். சிஎல் என்பது அந்தத் தாமதத்தைத் துடிப்புகளில் சொல்லும் எண். 3200 வேகத்தில் சிஎல்16 என்றால் 10 நானோ வினாடி. அதே வேகத்தில் சிஎல்22 என்றால் 13.75. சில நூறு ரூபாய் வித்தியாசத்தில் சிஎல்16 கிடைத்ததால் அதை எடுத்தார். 3600 சிஎல்18 கணக்குக்கும் அதே 10 நானோ வினாடிதான் வருகிறது என்று ஓரத்தில் எழுதியிருந்தார். முதல்முறை கணினி பூட்டுகிற ஒருவர் இவ்வளவு தூரம் யோசித்தது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

எத்தனை ரேம் என்ற கேள்விக்கு நோட்டில் ஒரே வரி: "16 ஜிபி ஒன்று. பிறகு இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம்." எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் எந்தச் செலவும் இப்படித்தான் நடக்கிறது. இப்போது ஒரு தளம், அடுத்த அறுவடைக்கு மாடி. சிக்கனமான, பொறுப்பான எண்ணம். இந்த ஒரு பொருளில் மட்டும் அது பலிக்கவில்லை.

பூட்டிய நாள்

பிப்ரவரி கடைசி வாரம், ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் பாய் விரித்துப் பூட்டியிருக்கிறார். மின்சாரம் கொடுத்ததும் விசிறி சுற்றியது, படம் வரவில்லை. போர்டின் ஓரத்தில் சின்ன விளக்கு ஒன்று எரிந்தபடி நின்றது. பக்கத்தில் டிராம், அதாவது ரேம், என்று அச்சாகியிருந்தது. போர்டு போய்விட்டது என்று வீடே கலங்கியிருக்கிறது.

காரணம் எளிது. பழைய போர்டுகளில் ரேம் ஸ்லாட்டின் இரண்டு முனையிலும் கொக்கி இருக்கும். இப்போதைய போர்டுகள் பலவற்றில் ஒரு முனையில்தான். கொக்கி உள்ள பக்கம் 'டக்' என்று விழுந்ததும் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். கொக்கி இல்லாத மறுமுனை ஒரு நூல் அளவு மேலே நிற்கிறது. மாணவர் கைப்பேசி விளக்கை அடித்துப் பக்கவாட்டில் பார்த்தபோது தங்கநிற முனைகள் ஒரு பக்கம் மட்டும் வெளியே தெரிந்தன. கட்டைவிரலால் அந்த முனையை அழுத்தியதும் படம் வந்தது. யாரையும் கேட்காமல் தானே கண்டுபிடித்தார்.

அந்த மகிழ்ச்சியில் ஸ்லாட் எது என்று பார்க்க விட்டுப்போயிற்று. பிராசசரை ஒட்டிய முதல் ஸ்லாட்டில் ரேம் இருந்தது. போர்டின் கையேடு, ஒரே ரேம் என்றால் பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போடச் சொல்கிறது. கையேடு பெட்டியில் பிரிக்காமல் கிடந்தது.

முதல் மூன்று வாரங்கள்

விண்டோஸ் வேகமாகத் திறந்தது. படிப்பு வேலைகளில் குறை இல்லை. விளையாட்டில்தான் தொல்லை. வாலரன்ட்டில் எதிராளி மூலையைத் திரும்பி வருகிற அந்த நொடியில் படம் உறைந்து, மறுபடி ஓடும்போது ஆட்டம் முடிந்திருக்கும். ஜிடிஏ 5-இல் ஊருக்குள் வண்டி ஓட்டினால் தடுக்கித் தடுக்கிப் போயிற்று.

மாணவர் இணைய இணைப்பைச் சந்தேகித்தார். விண்டோஸை இரண்டு முறை புதிதாக ஏற்றினார். தந்தை மின்சாரத்தைச் சந்தேகித்தார். பம்புசெட்டுகள் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்குவது அவர் தினமும் பார்ப்பது. ஆகையால் அந்தச் சந்தேகம் நியாயமானது.

இடையில் இன்னொரு குழப்பம். விண்டோஸ் திரையில் "16 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 13.9 ஜிபி" என்று இருந்தது. சிபியு-இசட் என்ற மென்பொருளில் வேகம் 1333 என்று காட்டியது. 3200 என்று அச்சிட்டு விற்ற பொருள் 1333 காட்டுகிறது, 16 என்று விற்றது 14கூட இல்லை. போலிப் பொருள் வந்துவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்.

கடையில் கண்டவை

மார்ச் மூன்றாம் வாரம் தந்தையும் மகனும் கணினியைக் கொண்டுவந்தார்கள். தந்தையின் முதல் கேள்வி: "மூட்டைக்கு நாற்பது கிலோ என்றால் நாற்பது கிலோ நிற்க வேண்டும் இல்லையா? பதினாறுக்குக் காசு வாங்கிக்கொண்டு பதினான்கைக் கொடுத்திருக்கிறார்களே, சார்?"

குறையும் 2 ஜிபி எங்கும் போகவில்லை. பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்காகப் பயாஸ் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அதைத் தனியே எடுத்து வைத்திருக்கிறது என்று பயாஸ் திரையைத் திறந்து காட்டினேன். 1333 என்பதற்கும் விளக்கம் உண்டு. டிடிஆர் நினைவகம் ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு முறை தரவு அனுப்புகிறது. சிபியு-இசட் துடிப்பை மட்டும் காட்டுகிறது. 1333-ஐ இரட்டித்தால் 2666. போலி இல்லை. ஆனால் 3200-உம் இல்லை. பெட்டியில் அச்சிட்ட வேகம் தானாக வராது. பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான் வரும். அதுவரை ரேம் தன் அடிப்படை வேகத்திலேயே ஓடும். மூன்று வாரமாக அப்படித்தான் ஓடியிருக்கிறது.

டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பக்கத்தைத் திறந்ததும் இன்னொன்று தெரிந்தது: நான்கு ஸ்லாட்டில் ஒன்றுதான் பயனில் இருந்தது. இந்தக் கணினியின் பெரிய குறை இதுதான் என்று அப்போதே ஊகித்தேன். ஆனாலும் ஊகத்தை நம்பி அந்தக் குடும்பத்தை மேலும் செலவு செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அளந்தேன். ஜிடிஏ 5-க்குள்ளேயே சோதனை ஓட்டம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே காட்சிகள்தான் வரும் என்பதால் ஒப்பிட வசதி. 1080பி, நார்மல் தரம்.

முதலில் எதையும் தொடாமல், கடையின் யுபிஎஸ்ஸில் செருகி ஓட்டினேன். வினாடிக்குச் சராசரி 36 பிரேம், அதாவது திரையில் 36 படங்கள். வீட்டில் வந்த அதே தடுக்கல். மின்சாரம் காரணமில்லை என்று தெளிவாயிற்று. ரேமை இரண்டாவது ஸ்லாட்டுக்கு மாற்றினேன், எண்ணில் மாற்றமில்லை. எக்ஸ்எம்பி இயக்கி 3200 ஆக்கினேன், 41 ஆயிற்று. தடுக்கல் குறைந்தது, போகவில்லை.

பிறகு அவருடைய 16 ஜிபி ரேமை எடுத்துவிட்டு, கடையில் இருந்த இரண்டு 8 ஜிபி ரேம்களை இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போட்டேன். அதே மொத்த அளவு, அதே 3200, அதே சிஎல்16. மாறியது சேனல் மட்டும்: ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே தரவு போகும் பாதை ஒன்றிலிருந்து இரண்டாயிற்று. சராசரி 62.

கணக்கும் இதையே சொல்கிறது. டிடிஆர்4 3200-இல் ஒரு சேனல் வழியே வினாடிக்கு 25.6 ஜிகாபைட் போகலாம். இரண்டு சேனலில் 51.2. மூன்று வாரம் ஓடிய 2666 ஒற்றைச் சேனலில் 21.3. பிராசசரும் கிராபிக்ஸும் அந்த 21.3-க்குத்தான் போட்டி போட்டுக்கொண்டிருந்தன.

தந்தை இரண்டு ஓட்டத்தையும் பக்கத்தில் நின்று பார்த்தார். முதல் ஓட்டத்தில் கார் தெருமுனை திரும்பும்போது படம் துண்டு துண்டாக வந்தது. இரண்டாவதில் வழுக்கிக்கொண்டு போயிற்று. "ஆற்றில் தண்ணீர் இருக்கிறது, ஒரு மதகைத்தான் திறந்திருக்கிறான்" என்றார். நான் அரைமணி நேரம் சொன்னதைவிட அது தெளிவாக இருந்தது.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் இருந்தன. 16 ஜிபி ரேமைக் கொடுத்துவிட்டு 8 ஜிபி ஜோடி வாங்குவது. திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது, பழையதாக விற்றால் பாதி விலை தேறுவதே கடினம். மலிவான 8 ஜிபி ஒன்றைச் சேர்ப்பது. 16-உம் 8-உம் சேரும்போது ஒரு பகுதி இரட்டைச் சேனலிலும் மிச்சம் ஒற்றையிலும் ஓடும், கிராபிக்ஸ் எந்தப் பகுதியில் விழுகிறதோ அதற்கேற்ப வேகம் மாறும். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்றாவது, அதே மாடலில் இன்னொரு 16 ஜிபி.

மூன்றாவதைப் பரிந்துரைத்தேன். ஏற்கெனவே போட்ட பணம் வீணாகாது. கிராபிக்ஸுக்குத் தாராளமாக ஒதுக்கலாம். 3,000 ரூபாய்க்குள் கிடைத்தது. "வாங்கும்போதே இரண்டாக வாங்கு என்று சொல்ல ஆள் இல்லாமல் போயிற்றே, தம்பி" என்று தந்தை மகனிடம் சொன்னார். கோபமாக இல்லை, வருத்தமாகவே சொன்னார். இந்தப் பதிவை எழுத அந்த வார்த்தையும் ஒரு காரணம்.

இரண்டாவது ரேம் வந்தது. பெட்டி அதே, மாடல் எண் அதே. சிபியு-இசட்டில் பார்த்தால் உள்ளே இருக்கும் சில்லுகள் வேறு. பழையதில் இரண்டு வரிசைச் சில்லுகள், புதியதில் ஒரே வரிசை. ஒரே பெயரில் விற்கும் ரேமுக்குள் காலப்போக்கில் சில்லு மாறுவது இந்தத் தொழிலில் வழக்கம். ஜோடியாக அடைத்து விற்பவற்றைத்தான் சேர்த்துச் சோதித்திருப்பார்கள். தனித்தனியாக வாங்கிய இரண்டும் ஒத்துப்போகும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

எக்ஸ்எம்பியில் 3200 போட்டு, ரேமில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓட்டினேன். இலவசப் பதிப்பு நான்கு சுற்று அனுமதிக்கிறது. நான்கிலும் பிழை இல்லை. காலையில் கணினியைக் கொடுத்தனுப்பினேன்.

மே மாதம்

கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரத்தில் மாணவர் தொலைபேசியில் அழைத்தார். பிற்பகலில் விளையாட்டு தானாக மூடிக்கொள்கிறது, விண்டோஸ் பிழையில் நின்றுபோகும்போது வரும் நீலத்திரை இரண்டு முறை வந்தது என்றார். திரையில் மெமரி மேனேஜ்மென்ட் என்ற சொற்கள் இருந்தனவாம். "இரவில் ஒன்றும் ஆவதில்லை, சார். சாப்பிட்டுவிட்டு மதியம் உட்கார்ந்தால்தான்."

நேரில் போனேன். கணினி மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில், மேற்குச் சுவரை ஒட்டி இருந்தது. கேபினெட்டின் பக்கத் தகட்டில் கை வைக்க முடியவில்லை.

நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக நிற்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே 64 மில்லி வினாடிக்குள் எல்லாவற்றையும் ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவு வேகமாகிறது. வெயிலில் வயலில் கட்டிய தண்ணீர் சீக்கிரம் சுண்டுவதுபோல. பொருந்தாத இரண்டு ரேம்களை 3200-இல் ஓட்டும்போது பிழை வராமல் தாங்கும் இடைவெளி ஏற்கெனவே குறைவு. மார்ச் மாத இரவில் அது போதுமானதாக இருந்தது; மே மாத மதியத்தில் போதவில்லை.

தவறு என்னுடையது. கணினி எந்த அறையில் இருக்கப்போகிறது என்று நான் கேட்கவே இல்லை. இரவுக் குளிர்ச்சியில், காற்றோட்டமான கடையில் சோதித்துவிட்டுச் சரி என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த அறையிலேயே பகல் பதினோரு மணி முதல் சோதனையைத் தொடங்கினோம். பழைய ரேமைத் தனியாகப் போட்டு இரண்டு சுற்று: பிழை இல்லை. மறுநாள் புதியதைத் தனியாக: பிழை இல்லை. ஆக, எந்த ரேமும் கெட்டதில்லை. மூன்றாம் நாள் இரண்டையும் சேர்த்து 3200: இரண்டாம் சுற்றில் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. நான்காம் நாள் மற்ற எதையும் மாற்றாமல் வேகத்தை மட்டும் 2933 ஆக்கினோம்: பகல் முழுவதும் பிழை இல்லை.

வோல்டேஜை ஏற்றி 3200-ஐப் பிடித்து நிறுத்தியிருக்கலாமே என்று மாணவர் கேட்டார். எக்ஸ்எம்பி ஏற்கெனவே 1.35 வோல்ட் கொடுக்கிறது. சூட்டினால் வந்த தொல்லைக்கு மேலும் சூட்டைச் சேர்ப்பது அந்த அறைக்கு ஏற்றதாக எனக்குத் தோன்றவில்லை. 2933 இரட்டைச் சேனல் என்றால் வினாடிக்கு 46.9 ஜிகாபைட், சோதனை ஓட்டத்தில் சராசரி 59. அந்த மூன்று பிரேமுக்காக ஒரு குடும்பத்தின் கணினி மதியந்தோறும் விழ வேண்டியதில்லை. கணினியையும் மேற்குச் சுவரிலிருந்து எடுத்து, கதவுப் பக்கம் தரையைவிட்டு உயரமாக வைத்தோம்.

குறுவைக்குப் பிறகு

ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது. குறுவை நன்றாகவே வந்தது. அக்டோபரில் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நெல் நனைந்தது, பணம் தள்ளிப்போயிற்று, வந்ததும் வீட்டுக்குப் போயிற்று. கிராபிக்ஸ் கார்டு வாங்கவில்லை. ஆறேழு மாதம் தாக்குப்பிடித்தால் போதும் என்று நினைத்த ரேம் அமைப்பு அடுத்த அறுவடை வரைக்கும் சுமக்க வேண்டியதாயிற்று. மே மாதத்துக்குப் பிறகு ஒரு நீலத்திரைகூட வரவில்லை.

அதே சமயத்தில் ரேம் விலை ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் உலகெங்கும் நினைவகத்தை வாரிக்கொண்டன. டிசம்பர் தொடக்கத்தில் மைக்ரான் நிறுவனம், குரூஷியல் என்ற பெயரில் சில்லறையாக விற்றுவந்த வணிகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. மார்ச்சில் 3,000 ரூபாய்க்குள் வாங்கிய ரேமுக்கு டிசம்பரில் இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டார்கள். "பிறகு இன்னொன்று" என்பதை அக்டோபருக்கு ஒத்திவைத்திருந்தால் அது நடந்தே இருக்காது. இதை என் முன்யோசனையாகக் கணக்கில் எழுத மாட்டேன். அப்படி அமைந்தது, அவ்வளவுதான்.

இன்று செய்வதானால்

இதே பணம், இதே பிராசசர் என்றால் ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் இரண்டு 8 ஜிபி 3200 சிஎல்16-ஐத்தான் சொல்வேன். அந்த மாணவர் ஆடும் விளையாட்டுகளுக்கு 16 ஜிபி போதும். 32 ஜிபி இருப்பதால் அவருக்குக் கிடைத்த நன்மை குறைவு. இரண்டு சேனலால் கிடைத்ததே முழு நன்மை. முதல் நாளிலேயே தனிக் கிராபிக்ஸ் கார்டு இருந்திருந்தால் ஒற்றை ரேம் இந்த அளவுக்குக் காலை வாரியிருக்காது. அப்போதும் ஜோடியைத்தான் சொல்வேன், ஆனால் இத்தனை அழுத்தமாக அல்ல.

சோதனையை இப்போது நேரத்தையும் இடத்தையும் பார்த்துச் செய்கிறேன். யார் கணினி கொண்டுவந்தாலும் எந்த அறை, என்ன கூரை, எந்தச் சுவர் என்று கேட்கிறேன். கோடைக்கு முன் வாங்குகிறவர்களிடம் மெம்டெஸ்ட் பென்டிரைவைக் கொடுத்தனுப்பி, வெயில் ஏறியபின் ஒரு பகல் முழுக்க வீட்டிலேயே ஓட்டச் சொல்கிறேன். திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள் என்று வாங்கிய அன்றே ரேம் பெட்டியின் மேல் தேதி எழுதிவைக்கச் சொல்கிறேன்.

அந்த மாணவர் தன் கணினியின் பக்கத் தகட்டுக்கு உள்புறம் ஒரு தாளை ஒட்டியிருக்கிறார். இரண்டாவது ஸ்லாட், நான்காவது ஸ்லாட், 2933, 1.35 வோல்ட், சோதித்தது மே, பகல். கீழே வேறு மையில் ஒரு வரி: கார்டு வாங்கியதும் மறுபடி சோதிக்கவும்.